ஜெஸீமா டீச்சர் கீறாமல் விட்ட கோடு

பாலாவிச் சந்தியில் கல்பிட்டி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெஸீமா டீச்சரின் மகள் சப்ரா. அவள் அழவில்லை.

"டீச்சர், உம்மா மௌத்தாகிட்டா. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு. குளிப்பாட்ட நீங்கதான் வரணும் எண்டு சொல்லி வெச்சிருக்கிறா."

இன்னாலில்லாஹி சொன்னேன். அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். கையில் கஞ்சிப் போத்தல் இருந்தது. இரண்டு கிழமையாக அவருக்கு இறங்கியது என் கஞ்சி மட்டும்தான். இனி இதை என்ன செய்வது என்றுதான் முதலில் நினைத்தேன். மனம் அப்படித்தான், பெரிய செய்தி வரும்போது சின்னச் சாமானைப் பிடித்துக்கொள்ளும்.

"இன்னொரு ஆளையும் கூப்பிடச் சொன்னா," என்றாள் சப்ரா. "ரிஃபாயாவ."

"எந்த ரிஃபாயா?" என்று கேட்டேன். எந்த ரிஃபாயா என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"அந்த ரிஃபாயாதான் டீச்சர்."

பஸ் வந்தது. ஏறினேன். நுரைச்சோலை தாண்டும்வரை எனக்கு டீச்சர்மேல் கோபம்தான் இருந்தது, துக்கம் பிறகுதான் வந்தது. இரண்டு வருடம் இந்த மனுசியைத் தலை குனிய வைத்தவளைக் கடைசித் தண்ணீர் ஊற்றக் கூப்பிடுவதா? உயிரோடு இருந்திருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன்.

அவரிடம் படித்தவர்கள், அவரோடு படிப்பித்தவர்கள், அவர் கையால் தங்கள் உம்மாவையோ மாமியையோ கடைசியாகக் குளிப்பாட்டி அனுப்பியவர்கள் என்று உங்களில் அநேகமானோருக்கு அவரைத் தெரியும். அந்தப் படத்தின் கதையும் தெரியும். தெரிந்தது பாதி. மீதியில் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலைக்கு அவர் சித்திர ஆசிரியையாக வந்தார். நான் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களில் ஒருவர். குறிஞ்சிப்பிட்டியில் வீடு கட்டி, மகளைக் கட்டிக்கொடுத்து, பென்ஷனும் எடுத்த பிறகும் எங்கள் சனத்தின் வாயில் அவர் 'மன்னார் டீச்சர்'தான். அவர் அதைக் குறையாக எடுக்கவில்லை. "மன்னார் எண்டா நல்ல மீன் திண்டவ எண்டு அர்த்தம்," என்பார். நான் கனமூலைக்காரி. களப்பு மீனைப் பற்றி யாரும் இளப்பமாகக் கதைத்தால் எனக்குப் பொறுக்காது. எங்கள் சிநேகிதம் அந்தச் சண்டையில்தான் தொடங்கியது.

வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று ஒருமுறை அதிபர் மண்டபச் சுவரில் களப்பை வரைந்து தரச் சொன்னார். டீச்சர் ஒரு தூரிகையும் கறுப்புப் பெயின்ட்டும் எடுத்துக்கொண்டு போனார். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கோடு, நடுவில் இரண்டு வளைவு. கை கழுவிக்கொண்டு வந்துவிட்டார். அதிபர் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர், நீலப் பெயின்ட் முடிஞ்சி போச்சா?"

"தண்ணிய என்னத்துக்கு சேர் கீறணும்? கரையக் கீறினாப் போதும். தண்ணி தானா வரும்."

அதிபர் விடுவாரா? காவலாளியைக் கொண்டு கோட்டுக்குக் கீழே முழுக்க நீலம் பூசுவித்தார். வந்தவர்கள் நீலத்தைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்துக் களைத்தோம். டீச்சரும் சிரித்தார். அவருக்குத் தன் வேலையைப் பற்றிப் பெருமையும் கிடையாது, வருத்தமும் கிடையாது. பாடசாலை விட்டதும் சுவரைத் திரும்பியும் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்.

அவருக்கு அழிறப்பர் என்றால் ஆகாது. பழைய பரீட்சைத் தாளின் வெள்ளைப் பக்கத்தில் போல்பொயின்ட் பேனையால்தான் கீறுவார். கீறுவதற்கு முன்னால் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே இருப்பார், தேத்தண்ணி ஆறிப்போகும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவை. பேனை தாளைவிட்டு எழும்பாது. பிழைத்தால் அந்தத் தாளை மடித்து வெற்றிலைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வேறு தாள் எடுப்பார். மேசையில் சாய்ந்து தூங்கும் என்னையும் ஒருநாள் அப்படிக் கீறியிருக்கிறார். மூக்கு கிடையாது, வாய் கிடையாது. ஆனால் பார்த்த எல்லோரும் பரீனா டீச்சர் என்றார்கள். அவ்வளவு குனிந்தா நான் இருக்கிறேன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

அவருடைய மற்ற வேலை, மௌத்தான பெண்களின் மையத்தைக் குளிப்பாட்டுவது. அதற்குச் சம்பளம் இல்லை. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கண்டக்குழிவரை எந்த வீட்டில் ஒரு பெண் மௌத்தானாலும் முதலில் பள்ளிவாசலுக்கு அறிவிப்பார்கள், அடுத்து ஜெஸீமா டீச்சருக்கு. வந்த புதிதில் அகதி முகாமில் ஒரு தாய் மௌத்தாகி, குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் இல்லாமல் சனம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது பழகியதாம். கொஞ்சக் காலத்தில் என்னையும் இழுத்துக்கொண்டார். அவர் கழுவுவார், நான் தண்ணீர் ஊற்றுவேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மையத்தை யாரும் வெறுமையாகப் பார்ப்பதில்லை. ஒரு துணியால் மூடித்தான் வைப்போம். கழுவுகிறவர் கையில் துணியுறை போட்டு, அந்தக் கையை மூடுதுணிக்குக் கீழே விட்டுக் கழுவுவார். வலது பக்கம் முதலில், பிறகு இடது. கடைசித் தண்ணீரில் கற்பூரம். கண்ணுக்கு வேலையே இல்லை, கைதான் எல்லாம். குளிப்பாட்டி முடிந்து வெளியே வந்தால் டீச்சர் ஒரே வசனத்தைத்தான் எனக்குச் சொல்லுவார், ஒவ்வொரு முறையும், நான் மறந்துவிடுவேன் என்பதைப்போல. "நல்லதக் கண்டா சொல்லலாம். மத்தத மூடணும்." முகம் சிரித்தமாதிரி இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். வேறு ஒன்றும் சொல்லக்கூடாது, வீட்டில் புருஷனிடம்கூட. என் மனுசன் எத்தனையோ முறை வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறார். கிடைத்ததெல்லாம் சோறு மட்டும்தான்.

பென்ஷன் எடுத்து அடுத்த வருடம் டீச்சர் மகளோடு கொழும்புக்குப் போய் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்தார். வயிற்றுக்குள் கல் என்றார். பார்க்கப் போன எங்களுக்குக் கட்டிலில் சாய்ந்தபடியே பலகாரம் எடுத்துத் தந்தார். அதற்குப் பிறகுதான் அவர் பெண்களைக் கீறத் தொடங்கினார்.

எனக்கு முதலில் காட்டியது அவருடைய வீட்டில். அலுமாரியைத் திறந்து, மடித்த சாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கெட்டித்தாளை எடுத்தார். ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். உடுப்பு இல்லை. முகமும் இல்லை, கழுத்தில்தான் கோடு தொடங்குகிறது. வலது தோளால் இறங்கி, மார்பை வளைத்து, இடுப்புக்கு வந்து, மடித்த முழங்காலில் ஏறி, பாதத்தைச் சுற்றி, பின்னால் முதுகை எழுப்பி, இடது தோளுக்கு வந்து, அங்கிருந்து நேரே கீழே இறங்கி நிற்கிறது. இடது பக்கத்தில் வளைவு இல்லை. அவ்வளவுதான் படம். பேனை ஓரிடத்திலும் எழும்பாத ஒரே இழுவை.

"அஸ்தஃபிருல்லாஹ்! டீச்சர், என்ன இது?"

"ஏன் கத்துற? உங்கக்கிட்ட இல்லாதது ஒண்டும் இதில இல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பயமும் வந்தது. உருவம் கீறலாமா, அதுவும் இப்படி, என்று கேட்டேன். "முகம் இல்ல, கண் இல்ல, உசிர் இருக்கிற மாதிரி நான் ஒண்டும் செய்யல்ல. மிச்சத்துக்கு நான் அல்லாஹ்கிட்ட பதில் சொல்லிக்கிறேன். நீங்க தேத்தண்ணியக் குடியுங்க."

குடித்தேன். குடித்துக்கொண்டே பார்த்தேன். "இந்தப் பக்கம் முடிக்கல்லியா?" என்று இடது பக்கத்தைக் காட்டினேன்.

"முடிச்சிட்டேன். இல்லாதத நான் கீறல்ல."

அவர் அப்படித்தான் கதைப்பார் என்று விட்டுவிட்டேன். களப்பில் தண்ணீரைக் கீறாமல் விட்ட ஆள்தானே.

அந்தப் படம் கண்டக்குழிக்குப் போனது ஃபர்ஹானால். எங்களிடம் படித்தவன், கடலோரத்தில் விடுதி நடத்துகிறான். காற்றுக் காலத்தில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் ஓட வரும் வெள்ளைக்காரர்கள்தான் அவனுடைய ஆட்கள். சாப்பாட்டு அறைக்குப் படம் வேண்டுமென்று கேட்டு வந்தான். டீச்சர் ஒரு வள்ளத்தையும் ஒரு பனையையும் கொடுத்தார். கடைசியில் அலுமாரியைத் திறந்து இதையும் கொடுத்தார். அவன் போன பிறகு ஏன் கொடுத்தீர்கள் என்று சண்டை பிடித்தேன்.

"இங்க இருந்தா நான் மட்டும்தானே பார்க்கிற. அங்க யாரோ பார்க்கட்டும், எங்களத் தெரியாத சனம். முகம் இல்லாதவள ஆரு அடையாளம் காணப் போறா?"

அந்தச் சுவரில் அவள் ஒரு வருடம் இருந்தாள். நானும் டீச்சரும் ஒருநாள் மீன் வாங்கப் போனபோது எட்டிப் பார்த்தோம். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, இவள் பிரார்த்தனை செய்கிறாள் என்று ஃபர்ஹானிடம் சொன்னாளாம். மீன் கொண்டுவந்து போடுகிற சாலிஹீன் நானா, "குளிச்சிட்டு வந்து தலை காய இரிக்கிறா, வேற என்ன?" என்றார். சித்திரப் பாடத்துக்குப் பொறுப்பான ஒரு சேர் வந்து, நல்ல முயற்சி, அவசரத்தில் முடிக்காமல் விட்டிருக்கிறா என்றார். எனக்கு அவள் பக்கத்து அறையில் யாரோ கதைப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறவள் மாதிரித் தெரிந்தாள். கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர் ஒரு பக்கத்துக்கு எழுதியே கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மார்பைக் கீறாமல் விட்டது ஆண் பார்வைக்கு எதிரான மறுப்பு, குறைந்த கோட்டில் நிறைந்த எதிர்ப்பு என்று. ஃபர்ஹான் அதைச் சட்டம் போட்டுப் படத்துக்குக் கீழே கொழுவியிருந்தான்.

டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தார். "நல்லாப் படிச்ச மனிசன்," என்றார். "எதிர்ப்பு, மறுப்பு எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா கடைசியில ஒரு வசனம் எழுதியிருக்கிறார் பாருங்க, 'இந்தக் கோடு எங்கும் பயப்படவில்லை' எண்டு. அது சரி. அத மட்டும் அவர் கண்டுபிடிச்சிட்டார்." திரும்பி வரும்போது வான் வண்டியில் அவர் பாட்டுப் படிக்காத குறை. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்துப் போனில் அனுப்பினார். போனில் ஏறினால் எங்கள் பக்கத்தில் ஒரு விசயம் லுஹர் தொழுகைக்கு முன் கல்பிட்டி, அஸர் தொழுகைக்கு முன் புத்தளம். கீறினது ஆர் என்று கேட்டார்கள். மன்னார் டீச்சர் என்று தெரிந்தது. அவர் மையத்துக் குளிப்பாட்டுகிறவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்போதுதான் வேறு எந்த ஊரிலும் யாரும் கேட்டிருக்க முடியாத கேள்வியை எங்கள் சனம் கேட்டது. 'இது ஆருட மையத்து?'

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ரிஃபாயா வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவளும் எங்களிடம் படித்தவள்தான். அவளுடைய உம்மா புற்றுநோயில் மௌத்தாகி அப்போது அதிக நாளாகவில்லை. குளிப்பாட்டியது டீச்சர், தண்ணீர் ஊற்றியது நான். அந்தத் தாய்க்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். இதை நான் எழுதுவது ரிஃபாயாவின் சம்மதத்தோடு. அன்று அவளே வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னாள்.

கையில் போனைப் பிடித்திருந்தாள். "டீச்சர், எங்கட உம்மா டொக்டருக்கும் காட்ட வெக்கப்பட்ட பொம்புள. எங்கட வாப்பாக்கும் கடைசி மட்டும் காட்டல்ல. உங்கள நம்பித்தான் உள்ளுக்கு விட்ட. நீங்க அவவக் கொண்டுபோய் வெள்ளக்காரன்ட சாப்பாட்டுக் கடையில தொங்க விட்டிருக்கிறீங்களே!"

டீச்சர் எழும்பி அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

"மகள், இது உங்கட உம்மா இல்ல."

"அப்ப ஆரு?"

"அத சொல்ல ஏலாது."

"ஏன் ஏலாது?"

"ஆரு எண்டு சொன்னா இந்த ஊர்ல இருக்கிற எல்லாப் போனுக்குள்ளயும் சனம் அவளத்தான் பார்க்கும். அவளுக்கும் வெக்கம் இரிக்கி தானே மகள்."

"சொல்ல ஏலாட்டி அது எங்கட உம்மாதான்," என்றாள் ரிஃபாயா. "வந்த சனத்த நம்பினது எங்கட பிழை." போய்விட்டாள். டீச்சர் கதிரையை மறுபடி சுவரோரம் வைத்தார். அன்று அவர் சமைக்கவில்லை, நான் பாண் வாங்கிவந்து கொடுத்தேன். ஒரு துண்டைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் யார் என்று கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்கு. எனக்கும் தெரியாமல் இருந்தால்தான் கேட்கிறவர்களுக்கு வாய் கூசாமல் தெரியாது என்று சொல்லலாம். கேட்டவர்கள் கொஞ்சமா? "நீங்களும் நிண்ட நீங்க தானே, சொல்லுங்க" என்று கலியாண வீட்டில் புரியாணிச் சகன் தட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டவர்களும் உண்டு. ரிஃபாயாவின் உம்மாவைப் பற்றி நான் வாய் திறந்தாலும் அது குற்றம், மூடியிருந்தாலும் டீச்சருக்குப் பழி. நல்ல இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்!

பள்ளி மௌலவி நியாயமான மனிதர். நிர்வாகத்தில் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்து திரைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார். டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: "கையில துணி இல்லாம நான் ஒரு மையத்தையும் தொட்டதில்ல. ஒரு மையத்தையும் கீறினதில்ல. இதுக்கு அல்லாஹ் சாட்சி." மௌலவி எனக்குப் போதும் என்று சொல்லி எழும்பினார். படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுவது நல்லது என்றும் சொன்னார். ஃபர்ஹான் அன்று பின்னேரமே கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் மௌலவிக்குப் போதும் என்றால் சனத்துக்குப் போதுமா?

டீச்சரின் போன் அடிப்பது நின்றது. ஜனாஸா அறிவித்தல் பள்ளி ஒலிபெருக்கியில் கேட்கும். டீச்சர் கை கால் கழுவி வுளூ எடுத்து, துணியுறைகளைப் பையில் வைத்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பார். யாரும் வரமாட்டார்கள். வேறு இடத்திலிருந்து யாரையாவது வான் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள், அதே றோட்டால், அவருடைய வாசலைத் தாண்டி. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படத்தைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவருடைய கையை வேண்டாம் என்றார்கள்.

என் சாச்சி மௌத்தானபோது நான் டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் கனமூலைக்கு வந்து சேர்ந்தபோது மச்சிமார் ஏற்கெனவே வேறு இரண்டு பேரை உள்ளே விட்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரத்தில் வாய் கோணிவிட்டது. வீட்டையே இரண்டாக்கியிருப்பேன். டீச்சர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "சண்ட பிடிச்சி மையத்தத் தாமதப்படுத்தாதீங்க. நான் யாசீன் ஓதுறேன்." மூலையில் பாயில் இருந்து ஓதினார். திரைக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய வலது கை மடியில் கொஞ்சம் அசைந்தது. அவருக்கே தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு அவருக்கு முடியாமல் வந்தது. மறுபடி கொழும்புக்குக் கொண்டுபோகச் சப்ரா கெஞ்சினாள். போதும் என்றுவிட்டார். நான் போய்வந்துகொண்டிருந்தேன். ரிஃபாயாவைப் பற்றி அவர் ஒருமுறைதான் கதைத்தார். "அவளில பிழை இல்ல. தாய நினைச்சி வந்தவ. எனக்கு மட்டும் ஒரு உம்மா இருந்து, அவவ எங்கயோ சுவரில கண்டா நான் விடுவேனா?" பிறகு சொன்னார்: "அவளுக்குத் தெரியணும் டீச்சர். அவளுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

நான் அந்த வசனத்தைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. நோயில் கிடக்கிற வருத்தக்காரரின் கதை என்று தலையணையைச் சரிசெய்துவிட்டேன்.

டீச்சர் மௌத்தான அன்று நான் வீட்டுக்குள் போனபோது ரிஃபாயா வந்திருக்கவில்லை. சப்ரா ஆள் அனுப்பியிருந்தாள். வரமாட்டாள் என்று நான் நினைத்தேன், வரக்கூடாது என்றும் நினைத்தேன். லுஹருக்குப் பிறகு வந்தாள். கறுப்பு அபாயாவோடு வாசலில் நின்று, "என்னத்துக்கு என்னக் கூப்பிட்டா?" என்று என்னிடம் கேட்டாள். "எனக்குத் தெரியாது. வஸிய்யத். விருப்பம் எண்டா வா, இல்லாட்டிப் போ," என்றேன். என் குரல் அவ்வளவு நல்லதாக இருக்கவில்லை. மையத்தின் கடைசி விருப்பத்தை, வஸிய்யத்தை, மறுக்க அவளுக்கும் மனம் வரவில்லை. வுளூ எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

சாரிகளால் மறைப்புக் கட்டியிருந்தோம். நான், ரிஃபாயா, தண்ணீர் எடுத்துத் தரச் சப்ரா. இலந்தை இலை போட்ட தண்ணீர். நான் வலது பக்கம் நின்றேன். ரிஃபாயா இடது பக்கம். அவளுக்குக் கையில் துணியுறையை நானே மாட்டிவிட்டேன், அது டீச்சர் தைத்த உறை. பிஸ்மி சொல்லி வலது பக்கத்தை நான் கழுவினேன். எத்தனை பேரைக் கழுவ அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன், கடைசியில் அவரைக் கழுவுவது என் கை. கண்ணீர் மையத்தில் விழக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ரிஃபாயாவின் முறை. மூடுதுணிக்குக் கீழே அவளுடைய கை தோளிலிருந்து இறங்கியது. பாதியில் நின்றது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அழக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே பல்லைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி நகர்ந்தது, மெதுவாக, தன் தாயைக் கழுவுகிறமாதிரி. சப்ரா தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் தரம் கழுவும்போது நாங்கள் பக்கம் மாறிக்கொண்டோம்.

என் கை கண்டதை எழுதமாட்டேன்.

கபன் துணியிட்டு, அத்தர் பூசி, சந்தூக்குப் பெட்டியில் வைத்து அஸருக்குக் கொண்டுபோனார்கள். சனம் வந்திருந்தது, வராமல் இருக்குமா. ரிஃபாயா கிணற்றடியில் உட்கார்ந்து துணியுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். டீச்சர் ஒவ்வொரு முறையும் எனக்குச் சொன்னதை இனி நான் யாருக்காவது சொல்லவேண்டும் அல்லவா? "நல்லதக் கண்டா சொல்லலாம். மத்தத மூடணும்," என்றேன்.

"நல்லதுதான் கண்டேன் டீச்சர்," என்றாள். அப்போதுதான் அழுதாள். ஊரே திரும்பிப் பார்க்கிற அழுகை. "மாப் கேக்கவும் ஆள் இல்லையே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அங்கேயே கிணற்றடித் தண்ணீரோடு போனது. கஞ்சிப் போத்தலை அன்றிரவு கொண்டுபோய் அவளுடைய வீட்டில்தான் கொடுத்தேன். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் சப்ராவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முடியும்வரை கேட்டாள். "உம்மா உங்க ரெண்டு பேரையும் சும்மா கூப்பிடல்ல. இப்ப அவ கபனுக்குள்ள. இனி ஆரு எந்தப் போன்ல பார்த்தாலும் அவவத் தொடாது. இவ்வளவும் எழுதலாம் டீச்சர், இதுக்கு மேல வேணாம்." ஆகவே இதற்கு மேல் இல்லை.

படத்தை எனக்குத் தந்தாள். என் அலுமாரியில், மடித்த சாரிகளுக்கு நடுவில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்க்கிறேன். அவள் யாருடைய கதையையும் காது கொடுத்துக் கேட்கவில்லை, பிரார்த்தனை செய்யவில்லை, தலை காய வைக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த இடது பக்கத்து நேர்க்கோட்டைத்தான் நான் அதிகம் பார்ப்பது. பேனை அங்கே கொஞ்சமும் தடுமாறவில்லை. விரிவுரையாளர் எழுதிய அந்த ஒரு வசனம் உண்மையிலேயே சரி.

நாற்பதாம் நாள் கத்த விருந்தன்று சகன்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தோம். ரிஃபாயாவும் இருந்தாள். இப்போது ஜனாஸா வீடுகளுக்கு என்னோடு வருகிறாள். நான் கழுவுகிறேன், அவள் தண்ணீர் ஊற்றுகிறாள். கண்டக்குழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அவளிடம் குசுகுசுத்தாள்.

"நீ அண்டைக்கு உள்ளுக்கு நிண்ட நீதானே. அந்தப் படத்தில இரிக்கிறது உங்கட உம்மாதானே?"

"அது எங்கட உம்மா இல்ல," என்றாள் ரிஃபாயா. அவளுடைய கை சகனைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

"அப்ப ஆரு?"

"அத சொல்ல ஏலாது."